பிப்ரவரி 2-இன் சங்கதிகள்

அது பழைய ரகக் கடிகார ரேடியோ. எண்கள் ஒளிர்வதில்லை, சின்னச் சின்னத் தகடுகளில் அச்சடித்திருக்கிறது. நிமிடம் மாறும்போது ஒரு தகடு கவிழ, அடுத்தது தெரியும். 5:59 கவிழ்ந்து 6:00 ஆகிறது. அதே நொடியில் ரேடியோவில் சன்னி அண்ட் ஷேர் ஜோடி 1965-இல் பாடிய காதல் பாட்டு தொடங்குகிறது. 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில் இந்த ஷாட் எத்தனையோ முறை வருகிறது. முதல் தடவை கடிகாரம் வெறும் கடிகாரம்தான், கண் அதன்மேல் நிற்பதுகூட இல்லை. இரண்டாம் தடவை லேசான குழப்பம். போகப் போக அதைப் பார்த்ததுமே அரங்கில் சிரிப்பு. நாயகன் நம்பிக்கை இழந்து கிடக்கும் கட்டத்திலோ காமிரா அந்தத் தகட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது. திரை முழுக்க எண்கள். தகடு மெள்ள மெள்ளச் சாய்ந்து, இடி இறங்கினாற்போல் ஓசையோடு விழுகிறது. அவன் அந்தப் பெட்டியைக் குத்துகிறான், அடித்து நொறுக்குகிறான். மறுநாள் காலை அது கீறல்கூட இல்லாமல் அதே இடத்தில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபில் கானர்ஸ் (பில் முர்ரே), பிட்ஸ்பர்க் டிவியில் வானிலை சொல்பவன். தலைக்கனமும் நக்கலும் சரிபாதி. பென்சில்வேனியாவில் பங்ஸடானி என்றொரு சிற்றூர். அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கிரவுண்ட்ஹாக் என்ற பருத்த பிராணியை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பது நம்பிக்கை. 1887-இலிருந்து நடக்கும் சடங்கு. (அந்தப் பிராணியின் பெயரும் ஃபில்தான்.) புதுத் தயாரிப்பாளர் ரீட்டாவோடும் காமிராமேன் லாரியோடும் வேண்டாவெறுப்பாக அங்கே போகிறான். இந்தப் பக்கம் வராது என்று தானே டிவியில் சொன்ன பனிப்புயல் வழியை மறிக்க, அந்த ஊரிலேயே இரவு தங்க நேர்கிறது. கண் விழித்தால் மறுபடியும் பிப்ரவரி 2. அதற்கு மறுநாளும். நேற்று நடந்தது அவன் ஒருவனுக்கு மட்டுமே நினைவிருக்கிறது.

நம்மூரில் 2021-இல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' வந்த பிறகு 'டைம் லூப்' என்பதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கே ஒரு கொலையைத் தடுப்பதற்காக நாள் சுழன்றது. இங்கே உலகத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஒரு மனிதன் உருப்படுகிறானா, ஒரு பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போகிறதா என்பதற்கு மேல் இந்தப் படம் எதையும் பணயம் வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, 1993-இல் வந்தபோது இதை நல்ல நகைச்சுவைப் படம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் முதலில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். 2005-இல் தம் 'சிறந்த படங்கள்' வரிசையில் இதைச் சேர்த்து, அன்று குறைத்து எடைபோட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது ஏறியது. முதல் பார்வையில் வேலைப்பாடு கண்ணில் படாதபடி செய்திருக்கிறார்கள். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

வேலைப்பாட்டில் பாதி, நீக்கியதில் இருக்கிறது. கதையை முதலில் எழுதிய டேனி ரூபின், ஒரே நாள் சுழற்சியின் நடுவிலிருந்து தொடங்கியிருந்தார். படம் ஆரம்பிக்கும்போதே நாயகனுக்கு ஊரே மனப்பாடம். ஏன், எப்படி என்று நாம்தான் திகைக்க வேண்டும். இயக்குநர் ஹெரால்ட் ரேமிஸ் அவரோடு உட்கார்ந்து திரைக்கதையைத் திருத்தியபோது முதல் நாளிலிருந்தே கதை தொடங்கும்படி ஆயிற்று. இன்னொரு பக்கம் ஸ்டுடியோவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. எதற்காக இவனுக்கு மட்டும் இப்படி? ஃபில் கைவிட்ட பழைய காதலி சூனியம் வைப்பதாக ஒரு வரைவில் எழுதியும் வைத்தார்கள். நல்லவேளை, படத்தில் அது இல்லை. இருந்திருந்தால் மாற்று மந்திரம் எங்கே என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். இப்போது ஒரு சாக்கும் இல்லாமல், ஃபில்லின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

முதல் நாளிலிருந்து தொடங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைச் சொல்லக் கச்சேரி மேடைதான் தோதான இடம். பாடகர் பல்லவியின் முதல் அடியை முதலில் நேராக, ஜோடனை இல்லாமல் பாடுவார். அடி நம் காதில் படிந்த பிறகுதான் சங்கதி, அதாவது அதே அடியைச் சற்று மாற்றி மாற்றிப் பாடுவது. ஐந்தாவதோ ஆறாவதோ சங்கதியில் ஒரே ஓர் அசையில் ஒரு சின்னப் பிருகா விழும், சபை தலையாட்டும். முதல் அடி நினைவில் இல்லாதவனுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ரேமிஸ் பிப்ரவரி 2-ஐ முதல் தடவை அப்படித்தான் பாடிக் காட்டுகிறார். நிதானமாக, கொஞ்சம் சாதாரணமாகவே. விடுதித் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் பருத்த மனிதர், சாப்பாட்டறையில் காப்பி ஊற்றும் திருமதி லங்காஸ்டர், தெருமுனையில் கையேந்தும் கிழவர், பள்ளித் தோழன் என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நெட் ரையர்சன், நடைபாதை விளிம்பிலிருந்து கால் இறக்கினால் கணுக்கால்வரை இழுக்கும் பனிநீர்க் குட்டை, சதுக்கத்தில் ஒலிக்கும் போல்கா. ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் கிடைக்கிறது. நகைச்சுவைப் படத்துக்கு இவ்வளவு மெத்தனம் ஆகுமா என்றுகூடத் தோன்றும். நம் மனத்தில் ஊரை நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிகிறது.

ஊரின் அமைப்புக்கும் இதில் பங்குண்டு. படம் எடுத்தது பங்ஸடானியில் அல்ல. இல்லினாய் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில், 1992-இல். நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் கடைகள். உணவகம், நெட் நிற்கும் மூலை, மணிக்கூண்டுக் கட்டடம் எல்லாமே நடந்துபோகும் தூரம். இரண்டு முறை பார்த்ததுமே எந்தத் திருப்பத்துக்குப் பின் எது வரும் என்று நமக்குப் பாடமாகிவிடுகிறது. ஃபில்லுக்கு இருக்கும் நினைவு நமக்கும் வந்தாயிற்று. ரீட்டாவுக்கு இல்லை, லாரிக்கு இல்லை. திரைக்கு உள்ளே ஒருவன், வெளியே நாம்: இந்தக் கூட்டுக்களவின்மேல்தான் படத்தின் அத்தனை சிரிப்பும் நிற்கிறது. (அந்தக் குட்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், பில் முர்ரே இங்கே கால் வைத்தார் என்று. நியாயமான கல்வெட்டு.)

சங்கதி எவ்வளவு நுணுக்கமாக விழுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதல் நாள் காலையில் திருமதி லங்காஸ்டர், அறையைக் காலி செய்கிறீர்களா என்று கேட்கிறார். கிளம்புவதற்கான வாய்ப்பு நூறு சதவீதம் என்கிறான் ஃபில். வானிலைக்காரனின் மிடுக்கு. மறுநாள் அதே கேள்வி. முகத்தில் ஈயாடவில்லை. எண்பது சதவீதம் என்கிறான், பிறகு எழுபத்தைந்திலிருந்து எண்பதுக்குள் என்று இன்னும் இறங்குகிறான். உலகம் காலடியில் நழுவும்போதும் அவன் வாயில் தொழில்மொழிதான் வருகிறது, அதிலும் உறுதி போய்விட்டது. இந்த ஒரு சதவீதக் கணக்கில் அவன் பீதி முழுவதும் அடங்கிவிடுவதால், பீதியைக் காட்டத் தனியாக ஒரு காட்சி தேவைப்படவில்லை. அன்றிரவு ஒரு பென்சிலை இரண்டாக ஒடித்துக் கடிகாரத்தின்மேல் வைத்துவிட்டுப் படுக்கிறான். காலையில் பென்சில் முழுசாக இருக்கிறது. இயற்பியல் வகுப்பு எடுக்கக் காத்திருக்கும் எத்தனையோ படங்கள், இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானியைக் கூட்டி வந்திருக்கும்.

பாட்டு பதிந்ததும் படத்தொகுப்பு அடிகளை விழுங்க ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகு காலைப்பொழுது முழுசாக வருவதில்லை. நெட் வாயைத் திறக்கிறான், ஃபில் ஒரே குத்து. அவ்வளவுதான் அந்தச் சந்திப்பு. குத்துக்கு முந்தைய பேச்சை நாமே நிரப்பிக்கொள்கிறோம், அதனால்தான் குத்து விழும்போது அத்தனை திருப்தி. நெட்டாக வரும் ஸ்டீபன் டோபொலோவ்ஸ்கியை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். தொப்பியும் பெட்டியுமாகத் துள்ளி வந்து, ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் கையால் ஒரு சொடுக்கு. பத்து விநாடியில் ஆளைத் துரத்தத் தோன்றும். ஆனால் அந்த உற்சாகத்தை ஒவ்வொரு தடவையும் துளிக் களைப்பில்லாமல், அதே சுருதியில் கொடுக்க வேண்டும். சுழற்சிக் கதையில் நாயகனுக்கு மாறும் வாய்ப்பாவது உண்டு. மற்றவர்களுக்கு மாறாமலிருப்பதே நடிப்பு. அது கடினமான வேலை, யாரும் விருது கொடுக்காத வேலை.

பில் முர்ரேவின் பங்கு இதற்கு நேர் எதிர். அவர் நாலைந்து மனிதர்களாக நடிக்கிறார், அதுவும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு. கிரவுண்ட்ஹாக் சடங்கு பற்றி மைக் முன் நின்று பேசும் காட்சியை மட்டும் வரிசையாகக் கோத்துப் பாருங்கள். முதலில் கடனே என்று ஒப்பித்துவிட்டு நகர்கிறான். பிறகு கசப்பும் பகடியுமாக. ஒரு நாள் பஞ்சடைந்த கண்ணோடு, இந்தக் குளிர் உங்கள் ஆயுள் முழுக்க நீளும் என்று காமிராவுக்குச் சாபம் கொடுக்கிறான். கடைசி நாளில் எழுத்தாளர் செகாவில் தொடங்கி, குளிர்காலத்தைப் பற்றி நிதானமாக, ஊர் மக்களின் வெதுவெதுப்பை நினைத்தபடி பேசுகிறான். மற்ற டிவிக்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு இவனைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். குரலில் ஒரு படி ஏற்றம்கூட இல்லை. வேறு நடிகராக இருந்தால் இங்கே கண்ணைத் துடைக்க வைத்திருப்பார்கள். முர்ரேவின் உதட்டோரத்தில் பழைய நக்கல்காரன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறான், நாம் நம்புவதும் அதனால்தான். படப்பிடிப்பில் அந்தக் கிரவுண்ட்ஹாக் அவரைக் கடித்ததாகவும் சொல்வார்கள். அந்தப் பிராணிக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கும்.

எத்தனை நாள் அவன் அங்கே கிடந்தான்? படம் வாய் திறப்பதில்லை. ரேமிஸ் ஒரு சமயம் பத்து வருடம் என்றார், பின்னொரு சமயம் முப்பது நாற்பது வருடம் என்றார். ரசிகர்களின் கணக்குகள் தனி. எனக்குப் பிடித்தது, படம் அந்தக் கணக்கை வேறு பேச்சுக்கு நடுவில் ஒளித்துவைக்கும் விதம். கட்டிலில் உட்கார்ந்து சீட்டுகளைத் தொப்பிக்குள் வீசக் கற்றுத்தரும்போது, ஆறு மாதம், தினம் நாலைந்து மணி நேரம் பழகினால் வந்துவிடும் என்று ரீட்டாவிடம் சாதாரணமாகச் சொல்கிறான். சீட்டு வீசவே ஆறு மாதம் என்றால் பியானோவுக்கு? பனிக்கட்டியில் சிற்பம் செதுக்க? பணவண்டியைக் கொள்ளையடிக்கும் காட்சியில் எதிர்த் திசையில் போகிறார்கள்: காற்று, நாய்க் குரைப்பு, வண்டி, காவலர் என்று அவன் விநாடி விநாடியாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டே நடந்துபோய்ப் பையைத் தூக்குகிறான். அந்த நடையின் அலட்சியத்தில் எத்தனை நாள் ஒத்திகை!

இனி காதல். படத்தின் தங்கம் இங்கேதான் கிடக்கிறது.

ரீட்டாவுக்கு முன் நான்சி டெய்லர் வருகிறாள். ஒரு நாள் அவளிடம் பெயர், படித்த பள்ளி, ஆங்கில ஆசிரியை பெயர் என்று விசாரித்து வைத்துக்கொள்கிறான். மறுநாள் பழைய வகுப்புத்தோழன் வேடம். அன்றிரவே காரியம் கைகூடுகிறது. ஆனால் அவளை அணைத்திருக்கும்போது அவன் வாயிலிருந்து ரீட்டாவின் பெயர் வந்துவிடுகிறது. காதல் முதன்முதலாகத் தலைகாட்டும் இடம், தப்பான பெண்ணின் காதருகே, ஒரு நாக்குப் பிசகாக. அவனுக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ரூபினும் ரேமிஸும் இதை ஒரு ஜோக்காக வீசிவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

அதே உத்தியை ரீட்டாவிடம் பிரயோகிக்கிறான். மதுக்கூடம். ரீட்டா தனக்கு ஸ்வீட் வெர்மூத், ஐஸ், எலுமிச்சைத் தோல் என்று கேட்கிறாள். வெட்டு. அதே ஸ்டூல், அதே கோணம். இப்போது அவள் வாய் திறக்குமுன் அவன் அதையே தனக்குக் கேட்கிறான், அவள் கண் விரிகிறது. கிளாஸைத் தூக்கி, கிரவுண்ட்ஹாக்குக்காக என்கிறான். நான் எப்போதும் உலக அமைதிக்காகத்தான் குடிப்பேன் என்கிறாள் அவள். வெட்டு. அதே கிளாஸ். இப்போது அவன் முகத்தில் பக்தி, உதட்டில் உலக அமைதி. இந்த வெட்டுகளுக்கு நடுவில் கடிகாரம் இல்லை, பாட்டு இல்லை, தாழ்வார மனிதர் இல்லை. ஒரு முழு நாள் ஒரு வெட்டுக்குள் புதைந்துவிட்டது. நாமும் அதைச் சிரமமில்லாமல் படித்துவிடுகிறோம். திரைமொழியில் ஒரு புது இலக்கணத்தைக் கற்றுத் தந்திருக்கிறார்கள், கற்றோம் என்பதே நமக்குத் தெரியாமல்.

அடுத்த வெட்டு இன்னும் பெரியது. இரவு உணவின்போது ரீட்டா, கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிதை படித்ததாகச் சொல்கிறாள். ஃபில் வாய்விட்டுச் சிரிக்கிறான், எப்பேர்ப்பட்ட காலவிரயம் என்று. அவள் முகம் மூடிக்கொள்கிறது. வெட்டு. அதே மேசை, அதே மெழுகுவத்தி வெளிச்சம், அவள் அதே விஷயத்தைச் சொல்கிறாள். இவன் பிரெஞ்சில் சரளமாக வரிகளை எடுத்துவிடுகிறான். ஒரு மொழியைக் கற்கும் காலம் அந்த ஒரு வெட்டில் மறைந்து கிடக்கிறது. சிரித்து முடித்த பிறகு ஓர் எண்ணம் உறுத்துகிறது: ஒரு பெண்ணை ஏமாற்றுவதற்காக ஒருவன் இத்தனை பாடுபட்டுப் பிரெஞ்சு படித்திருக்கிறான். அந்த உழைப்பில் பாதியை அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதில் செலவிட்டிருந்தால் படம் அரை மணியில் முடிந்திருக்கும்.

பிறகு பனிமனிதன். இருவரும் சதுக்கத்தில் பனியில் பொம்மை செய்கிறார்கள். பிள்ளைகள் பனியுருண்டை வீச, இவர்களும் திருப்பி வீச, சறுக்கி விழ, ஒரு கணம் இரண்டு முகங்களும் அருகருகே. இசை வருகிறது, ஆடுகிறார்கள். கொஞ்சமும் பொய்யில்லாத பொழுது. ஃபில்கூட அந்த நேரம் தன் திட்டத்தை மறந்துவிட்டான் என்றே தோன்றும். அவனுடைய அறைக்குப் போனதும் அவசரப்படுகிறான், எல்லாம் கெடுகிறது. என் நண்பர்களைக் கேட்டு எனக்குப் பிடித்ததையெல்லாம் பட்டியல் போட்டாயா, இதற்குப் பெயர்தான் காதலா என்று கேட்டுவிட்டு அறைகிறாள்.

மறுநாள் அதே பனிமனிதன். இப்போது அவன் எல்லாவற்றையும் திரும்ப நடத்திக் காட்டுகிறான். உருண்டையைச் சீக்கிரம் வீசுகிறான், பலமாக வீசுகிறான், சரியாக அந்த இடத்தில் விழ முயல்கிறான், சிரிப்பை முன்கூட்டியே சிரிக்கிறான். நேற்று நிகழ்ந்தது இன்று ஒப்பிக்கப்படுகிறது. ரீட்டாவுக்கு நேற்று என்று ஒன்றே கிடையாது, ஆனாலும் ஏதோ தப்பு என்று அவளுக்குப் புரிகிறது. ரீட்டாவாக வரும் ஆண்டி மெக்டவலின் நடிப்பைச் சிலர் மெத்தென்று இருப்பதாகக் குறை சொல்வார்கள். இந்த ஒரு காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். சிரிக்கத் தயாராக வந்து, சிரிப்பு வராமல், ஏன் வரவில்லை என்று தெரியாமல் நிற்கும் முகம். முதல் தடவையின் மகிழ்ச்சியைப் பார்த்துவிட்ட நமக்குத்தான் என்ன தொலைந்தது என்று தெரியும். ஒரு காதல் படம் இதைவிட நுட்பமாக ஒரு தோல்வியைக் காட்டி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு கன்னத்தில் அறைகள். காரணம் இல்லை, முன்பின் இல்லை. ஓர் அறை, இன்னோர் அறை, இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு வேகத்தில். முதல் அறையை முழுசாகக் காட்டிவிட்டதால் மற்றவற்றின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மெக்டவல் ஒவ்வோர் அறையையும் முதல் அறையாகவே கொடுக்கிறார். ரீட்டாவின் கணக்கில் அது முதல் அறைதானே.

இந்தப் பெண்ணை வெல்ல எத்தனை வாய்ப்பு கொடுத்தாலும் போதாது என்று ஆன பிறகு படம் இருட்டுக்குள் இறங்குகிறது. கிரவுண்ட்ஹாக்கைக் கடத்திக்கொண்டு வண்டியோடு பள்ளத்தில் பாய்கிறான், குளியல் தொட்டிக்குள் டோஸ்டரை இறக்குகிறான், மணிக்கூண்டிலிருந்து விழுகிறான். மறுபடி ஆறு மணி. இந்தப் பகுதியை அதிகம் விவரிக்க விருப்பமில்லை. நகைச்சுவைப் படம் இங்கே வந்தும் தடம்புரளாமல் போவது, காட்சிகளை எங்கே நிறுத்துவது என்று ரேமிஸுக்குத் தெரிந்திருந்ததால்தான்.

மீட்சி ஓர் இரவில் வருகிறது. ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, உணவகத்தில் ஒவ்வொருவரின் கதையையும் எடுத்துக்காட்டி, தட்டுகள் எப்போது விழுந்து உடையும் என்பதுவரை சொல்லி நம்ப வைக்கிறான். அவள் துணைக்கு அறையில் தங்குகிறாள். சீட்டு வீசுகிறார்கள். அவள் கண் அயர்கிறாள். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் மனத்தில் உள்ளதைச் சொல்கிறான்: தான் கண்டதிலேயே நல்ல மனுஷி அவள், தனக்கு அவளை அடையும் தகுதி இல்லை என்று. இதுவரை அவளிடம் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் பலன் எதிர்பார்த்தவன், பலன் வர வாய்ப்பே இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுகிறான். அவள் தூங்குகிறாள், விழித்திருந்து கேட்டிருந்தாலும் காலையில் நினைவிருக்கப் போவதில்லை. இந்த இரட்டைப் பூட்டை எழுத்தாளர்கள் வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து அவன் வேறு ஆள். முதல் நாள் பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் போடாமல் நகர்ந்தானே, அந்தக் கிழவரைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆஸ்பத்திரி, சூப், செயற்கைச் சுவாசம். எது செய்தும் கிழவர் இறக்கிறார். எதையும் திரும்பச் செய்து சரிக்கட்டலாம் என்ற கதையில், சரிக்கட்ட முடியாத ஒன்றை வைத்தார்களே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ்.

கடைசி நாளின் சிக்கனம் தனி ருசி. மரத்திலிருந்து விழும் பையனைக் கீழே ஓடிப்போய்ப் பிடிக்கிறான். பையன் எழுந்து ஓடுகிறான். ஒரு நாளாவது நன்றி சொன்னாயாடா என்று கத்துகிறான் ஃபில், நாளை பார்க்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறான். இந்தப் பிடியை இன்றுதான் முதன்முதலாக நமக்குக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒரு திட்டில், தினம் தவறாமல் அதே மரத்தடிக்கு ஓடிவந்த எண்ணற்ற பிற்பகல்கள் தெரிகின்றன. டயர் பஞ்சரான மூதாட்டிகளுக்கு அவர்கள் திகைப்பதற்குள் ஸ்டெப்னி மாட்டுகிறான். தொண்டையில் இறைச்சி சிக்கியவரை உதறி மீட்டுவிட்டு, நின்று பேசக்கூட நேரமில்லாமல் போகிறான். அவனுக்கு அன்று நிறைய வேலை.

இவை எதையும் ரீட்டா பார்ப்பதில்லை, இதுதான் திரைக்கதையின் சாமர்த்தியம். இரவு விருந்துக்கு அவள் வருகிறாள். மேடையில் ஃபில், ராக்மானினாஃபின் பாகனினி ராப்சொடியை வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன் என் மாணவன் என்று பக்கத்தில் ஓர் அம்மாள் பூரிக்கிறார். அந்த அம்மாளின் நினைவில் அவன் இன்று ஒரே ஒரு வகுப்புக்குத்தான் வந்திருக்க முடியும்! வந்தவர் போனவர் எல்லாம் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்கிறார்கள். இன்றைக்கு என்னதான் செய்தாய் என்று அவள் கேட்க, வழக்கம்போலத்தான் என்கிறான். இதுவரை அவன் அவளைப் பற்றிய தகவல்களைத் திரட்டினான். இப்போது அவள் மற்றவர் வாயிலாக அவனைத் தெரிந்துகொள்கிறாள். விருந்தில் ஆண்களை விளையாட்டாக ஏலம் விடும்போது தன் பையில் இருந்ததையெல்லாம் கொட்டி, 339 டாலர் 88 சென்ட் கொடுத்து அவனை எடுக்கிறாள். அந்த 88 சென்ட் எனக்கு மிகவும் பிடிக்கும். வட்டத் தொகையாக இருந்தால் அது சினிமா. சில்லறையோடு இருப்பதால் உண்மையாகவே பையைக் கவிழ்த்துவிட்டாள் என்று தெரிகிறது.

குறை இல்லாமலில்லை. ரீட்டா கொஞ்சம் அதிகமாகவே நல்லவள். அவளுக்கென்று ஒரு கோணல்கூட எழுதவில்லை. நான்சிக்கு நேர்ந்த அநியாயத்தைப் படம் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறது. சுழற்சியில் ஒருவன் மட்டும் இருந்தால் அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அந்தச் சமமின்மை என்ன செய்தாலும் தீராது. 27 ஆண்டு கழித்து மாக்ஸ் பார்பகோவ் இயக்கி, ஆண்டி சியாரா எழுதிய 'பாம் ஸ்பிரிங்ஸ்' (2020) இந்த இடத்தில்தான் கை வைத்தது. அங்கே நாயகி சாராவும் சுழற்சிக்குள் விழுகிறாள். அந்தப் படம், ரூபின் கைவிட்ட வழியிலேயே, நாயகனுக்கு எல்லாம் அலுத்துப்போன பிறகு தொடங்குகிறது. சாரா தினம் காலையில் கண் விழிக்கும் அறை யாருடையது என்பதை வெகுநேரம் நம் கண்ணில் காட்டாமல் மறைத்துவைத்துப் பிறகு திறப்பார்கள்: அது அவள் தங்கையை மணக்கப்போகும் மாப்பிள்ளையின் அறை. ஒவ்வொரு காலையும் அவளுக்கு ஏன் அத்தனை நரகம் என்று அப்போதுதான் உறைக்கிறது. முன்னோடியைக் கவனமாகப் பயின்றவர்களின் வேலை அது.

ரேமிஸின் படத்துக்கே திரும்புகிறேன், அதன் கடைசி விளையாட்டு ஒன்று பாக்கி. ஏலம் முடிந்த இரவு பனியில் ரீட்டாவின் முகத்தைச் செதுக்குகிறான், நாளை எதுவானாலும் சரி, இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்கிறான். பனி பொழியத் தொடங்குகிறது. 5:59. 6:00. அதே பாட்டு! நெஞ்சு ஒரு முறை நின்றுவிடுகிறது. ரேடியோக்காரர்களே ஐயோ மறுபடியுமா என்று அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பு புதிது. இதுவரை அவர்கள் அப்படிச் சொன்னதில்லை என்று நம் மனப்பாடம் நமக்குச் சொல்கிறது. பிறகு சட்டத்துக்குள் ஒரு கை நீண்டு ரேடியோவை அணைக்கிறது. ஃபில்லின் கை அல்ல. ரீட்டா நேற்றிரவு உடுத்தியிருந்த அதே உடையில் இருக்கிறாள், இவனும் அப்படியே. படுத்ததும் தூங்கிப்போனாயே என்கிறாள். மிக நீண்ட ஒரு நாளின் முடிவு அது என்கிறான் இவன். அவளுக்கு அது வெறும் பதில்.

ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறான். கூட்டம் இல்லை, தெரு வெறிச்சென்று வெள்ளையாகக் கிடக்கிறது. இருவரும் வெளியே வருகிறார்கள். இங்கேயே வாழலாம் என்கிறான். நித்தியகாலம் அனுபவித்த ஊரில், நித்தியகாலம் காத்துப் பெற்ற பெண்ணிடம் சொல்லும் சொல். இசை உயர்ந்து எழ வேண்டிய இடம். அடுத்த மூச்சிலேயே, முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொள்கிறான்.